வராத கிரேனுக்கு வாடகை

எந்த பில்லைக் கொடுத்தாலும் நான் கீழேயிருந்து மேலே படிப்பேன். தொழில் பழக்கம். புனேயில், சிஞ்ச்வட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு “இது எதற்கு, அது எதற்கு” என்று கேட்பவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் மேல் எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். அன்று மகர்பட்டாவில், எங்கள் காருக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் ஆபீசில் கண்ணாடிக்கு வெளியே நின்றது நான்.

பில்லின் அடியில் மூன்று வரிகள் இருந்தன. சீசிங் சார்ஜ், கிரேன் சார்ஜ், யார்டு வாடகை. அதாவது எங்கள் காரைப் பிடித்த கூலி, பிடித்ததை கிரேனில் கட்டித் தூக்கிய கூலி, தூக்கியதை நிறுத்திவைத்த இடத்துக்கு வாடகை. நம் வண்டியை நம்மிடமிருந்து பிடுங்கியதற்கு நாமே கூலி கொடுக்க வேண்டும். அதற்கு மேலே இருந்த வரிகளில் எனக்கு வழக்கில்லை. கட்டாத தவணை கட்டாததுதான், வட்டி வட்டிதான். அதற்கென்றுதான் என் வளையல்களை அடகு வைத்துப் பணத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். அந்தப் பணம் மேல் வரிகளுக்குச் சரியாக இருந்தது. கீழ் வரிகளுக்கு எங்களிடம் எதுவும் இல்லை.

அந்த ஆபீஸ் மேனேஜர் தமிழர். கேம்ப் பக்கம் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் என்று அவரே சொன்னார். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். அகப்படாத இடத்தில் ஹிந்தியை வைத்து அடைத்துக்கொண்டார். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு வாகான முகம் ஒன்று அங்கே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைக்குள் முழுத் தொகையும் வராவிட்டால் வண்டி ஏலப் பட்டியலுக்குப் போய்விடும் என்றார். யார்டு வாடகை வேறு தினமும் ஏறிக்கொண்டிருக்கும். நான் கிரேன் ரசீதைக் கேட்டேன். ஒப்பந்தத்தில் ‘உண்மையில் ஆன செலவு’ என்றுதானே போட்டிருக்கிறது, ஆன செலவைக் காட்டுங்கள் என்றேன். அவர் எங்கெங்கோ தேடி, வண்டி பிடிக்கும் ஏஜென்சி தன் லெட்டர்ஹெட்டில் தானே எழுதிக்கொண்ட ஒரு தாளைக் காட்டினார். என் கவுண்டரில் இப்படி ஒரு தாளை நீட்டினால் நானே வாங்க மாட்டேன். அதைச் சொன்னேன். அவர், சிஸ்டத்தில் ஏறிவிட்டதை எடுக்க வேண்டுமென்றால் மேலிடம் ஆதாரம் கேட்கும், கிரேன் வரவில்லை என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்றார். நடக்காத ஒன்றுக்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது?

என் கணவர் பக்கத்தில் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, “வுடு. எங்கயாச்சும் பொரட்டிக் கட்டிப்போடலாம்” என்றார்.

எங்கிருந்து புரட்டுவது? மகர்பட்டாவில் அவர் வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்பு செய்ததில் பல மாதங்களாக அவர் வீட்டில்தான் இருக்கிறார். கோயம்புத்தூரில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. சாக்கன் பக்கத் தொழிற்சாலைகளுக்கு நேரில் போய் இயந்திரங்களின் சாஃப்ட்வேரைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சொந்த நான்கு சக்கர வாகனம் கட்டாயம் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தார்கள். கார் இல்லையென்றால் வேலை இல்லை. இவ்வளவும் தெரிந்தவர் “வுடு” என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆபீசுக்குள்ளேயே கத்தியிருப்பேன். மேனேஜர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்ததால் அடங்கினேன்.

காரைத் தூக்கியது தசராவன்று.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. தவணை நின்றுபோன வண்டிக்குப் பூஜை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷம் எனக்கு. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் பார்க்கிங்கில் காரைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை போட்டு, நான்கு சக்கரங்களுக்கு முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டியை ஏற்றி நசுக்குவதற்குள் நேரம் சரியில்லாமல் போய்விட்டது. ராகு காலத்தில் எடுக்க வேண்டாம், விடிந்ததும் விஜயதசமி நல்ல நேரத்தில் நீங்களே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எனக்கு டியூட்டி. பண்டிகை நாளில்தான் கவுண்டரில் ஆள் குறைவாக இருக்கும், லீவு கேட்டால் கிடைக்காது. ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன்.

பழத்தை நசுக்கிவிட்டாரா என்று கேட்க மதியம் போன் செய்தேன். “வண்டி போயிருச்சு. எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் பாதி டியூட்டியில் வீட்டுக்கு ஓடினேன். பார்க்கிங்கில் எங்கள் இடம் காலியாகக் கிடந்தது. சிமெண்டுத் தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள், சிதறிய குங்குமம், உதிர்ந்த சாமந்தி. மற்ற வண்டிகளுக்கெல்லாம் மாலை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சொசைட்டியின் வாட்ஸாப் குழுவில் இன்னொரு கூத்து நடந்தது. தரைத் தளத்தில் ஒரு மராட்டி அம்மாள் இருக்கிறார். பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் காக்கு என்றுதான் கூப்பிடுவோம், நம் ஊர் சித்தி மாதிரி. அவர் எங்கள் இடத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, பொது இடத்தில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்து மாந்திரீகம் செய்வது யார், இது படித்தவர்கள் குடியிருக்கும் இடமா இல்லையா, இந்த மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது தெரியுமா என்று கேட்டிருந்தார். சேர்மன் விளக்கம் கேட்டார். ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டார்கள். வண்டி போன வயிற்றெரிச்சலில் இருந்த நான், அது எங்கள் ஊர் ஆயுத பூஜை, மாந்திரீகம் தெரிந்திருந்தால் முதலில் அந்த ஃபைனான்ஸ்காரனுக்கு வைத்திருப்பேன் என்று ஹிந்தியில் அடித்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து காக்கு என்னோடு பேசுவதில்லை. எங்கள் கார் போன செய்தி சொசைட்டி முழுக்கத் தெரிந்ததும் என் வாயால்தான். அதற்காக என் கணவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பில்லை வாங்கிக்கொண்டு மகர்பட்டாவிலிருந்து திரும்பிய சாயங்காலம், லோக்கல் ரயிலில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. கதவருகே போவதும் வருவதுமாக இருந்தேன். கிரேன் வரவில்லை என்று எப்படிக் காட்டுவது? பார்க்கிங் கேமரா மழைக்காலத்திலேயே போய்விட்டது. வாட்ச்மேன் மாறிவிட்டார். சிவாஜிநகர் தாண்டியதும் போனை எடுத்து, கோபத்தில் பாதி மட்டும் பார்த்த அந்தப் படத்தைக் குழுவில் தேடினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு பழங்களும் தரையோடு தரையாக நசுங்கியிருந்தன. சாறு தொட்ட டயரின் தடம் கேட் பக்கமாகப் போயிருந்தது.

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எங்கள் காரின் மூக்கு கேட்டைப் பார்த்து நிற்கும். அந்தச் சந்துக்குள் கிரேன் வந்தால், பூட்டிய வண்டியைப் பட்டை போட்டு முழுதாகத்தான் தூக்க முடியும். நான்கு சக்கரமும் அந்தரத்தில் போயிருந்தால் பழங்கள் முழுதாகக் கிடந்திருக்க வேண்டும். நான்கும் நசுங்கியிருக்கிறது என்றால் வண்டி தன் காலில் நடந்துதான் போயிருக்கிறது. பக்கத்துச் சீட்டில் இருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் காக்குவின் கதவைத் தட்டினேன். குழுவில் வந்த படத்தைவிட அவர் போனில் இருக்கும் படம்தான் தேவை, எடுத்த நாளும் நேரமும் அதில்தான் இருக்கும். காக்கு கதவை முழுதாகத் திறக்கவில்லை. நான் மன்னிப்பும் விளக்கமும் ஒன்றாகக் கொட்டினேன். கிரேனுக்குப் பணம் கேட்கிறார்கள் என்றதும்தான் கதவு அகலமாகத் திறந்தது. எந்தக் கிரேன், நான் ஜன்னலில்தானே இருந்தேன், ஒரு கிரேனும் வரவில்லை என்றார். படத்தை உடனே அனுப்பினார். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றார். பிறகு, உன் வீட்டுக்காரர் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று ஏதோ கேட்க ஆரம்பித்தார். நான் காலில் சுடுநீர் ஊற்றிக்கொண்டவள்போல நின்றிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டேன்.

அவரிடம் படத்தைக் காட்டியபோது நான் எதிர்பார்த்த சந்தோஷம் அந்த முகத்தில் வரவில்லை. வெகுநேரம் பார்த்தார். “இதெல்லாம் கொண்டுபோயி அங்க காட்டோணுமா?” என்றார். காட்டோணும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி மகர்பட்டா. மேனேஜர் படத்தைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், நான் மேஜையில் பேனாக்களை வைத்துச் சக்கரக் கணக்குச் சொன்னதையும் கேட்டார். எலுமிச்சம்பழத்தை ஆதாரமாக மேலிடத்துக்கு அனுப்பினால் என்ன சொல்வார்களோ என்று அவருக்குச் சிரிப்பு. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஏஜென்சி ஆளை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

அந்த ஆள் ஹிந்தியில் பொரிந்து தள்ளினார். தன் பையன்கள் வண்டியை ஓட்டவே இல்லை என்றார். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்திருந்தார்கள், எவன் அதன்மேல் ஏற்றுவான், அவனவனுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறது, ஸ்டியரிங்கைத் தொடவே பயந்தார்கள், அதனால்தான் கிரேன் என்றார். நான் எரிச்சலோடு குறுக்கே பேசப் போனேன். ஆனால் அவர் சொன்ன பயத்தில் பொய் இல்லை. கவுண்டரில் தினமும் பொய் கேட்கிறவள் நான். அந்தப் பையன்கள் நிஜமாகவே பயந்திருந்தார்கள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “மேடம், அவன் ஓட்டலைன்றான். பழம் நசுங்கிப் போச்சுன்னு நீங்க சொல்றீங்க. தோ ஃபிர், அப்படின்னா ஓட்டினது யாரு?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில் தரை நழுவியது. மேஜைமேல் வைத்த பேனாக்களை மறுபடி மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தேன்.

“நாந்தான் ஓட்டுனேன்” என்றார் என் கணவர்.

தமிழில்தான் சொன்னார். தரையைப் பார்த்தபடிதான் சொன்னார். பிறகு, போனிலிருந்த ஆளுக்கும் தெரியட்டும் என்று ஹிந்தியில் ஒருமுறை சொன்னார். மேனேஜர் ஸ்பீக்கரை அணைத்தார்.

அவர் சொன்னதை நான் இப்போது கோர்வையாக எழுதுகிறேன், அவர் அப்படிச் சொல்லவில்லை. தசரா காலையில் எல்லோரும் புதுத்துணி உடுத்திப் பார்க்கிங்கில் கூடியிருந்தார்கள். இந்த ஊரில் அன்றைக்கு ஆப்டா மரத்து இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அந்த ஆட்கள் வந்து நின்றார்கள். பழத்தைப் பார்த்துப் பின்வாங்கி, கிரேனைக் கூப்பிடப் போகிறோம் என்றார்கள். இவர், சத்தம் போடாதீர்கள், நானே வெளியே கொண்டுவந்து தருகிறேன், முக்கில் போய் நில்லுங்கள் என்றார். காரில் ஏறி உட்கார்ந்தார். நான் குறித்துக் கொடுத்த நல்ல நேரம்தான் அது. நான்கு பழத்தின் மேலும் ஏற்றினார். கேட்டுக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டுக்காரர் கார் ஜன்னலில் கைவிட்டு, தசரா வாழ்த்துகள், நல்ல நாளில் வண்டி எடுக்கிறீர்கள் என்று கையில் ஒரு இலையை வைத்தார். இவரும் வாழ்த்துச் சொன்னார். முக்கு திரும்பி, மெயின் ரோட்டில் நிறுத்தி, சாவியைக் கொடுத்தார். சக்கரத்தடியில் பழம் இல்லாத வண்டியை அவர்கள் பயமில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார்கள். இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

“கிரேன் வந்து எல்லார் முன்னாடியும் தூக்கிட்டுப் போனா நீ அங்க எப்படித் தலைநிமிந்து நடப்ப?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “அதான்.”

எனக்கு வந்தது கோபம்தான். நான் ஊரெல்லாம் திருடன் மாதிரி தூக்கிப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொசைட்டிக் குழுவில் நானே தமுக்கடித்தேன். அவர் என் தலை குனியக்கூடாதென்று செய்ததை, அன்று மதியமே நான் நடுத்தெருவில் போட்டு உடைத்தேன். என் மேலும் கோபம், அவர் மேலும் கோபம், யார் மேல் அதிகம் என்று தெரியவில்லை. காக்கு என்னிடம் கேட்க வந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அழக்கூடாது என்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் கீபோர்டை ஒதுக்கி வைத்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, “சார், நீங்களே கொண்டுவந்து குடுத்தா அது சீசிங் இல்லே. அது சரண்டர். சீசிங் சார்ஜும் லாகூ ஆகாது, பொருந்தாது. எழுதித் தர்றீங்களா?” என்றார்.

எழுதினார். வண்டியை நானே ஓட்டிக்கொண்டுவந்து ஒப்படைத்தேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. வேலை போனதைக்கூட எழுதித்தர மறுத்த கை அது. இதே ஃபைனான்ஸில் அதற்கு ஒரு கடிதம் கொடுத்தால் தவணைக்கு அவகாசம் கிடைக்கும் என்று நான் கரடியாய்க் கத்தியபோது, அப்படி ஒரு தாளில் தன் பெயர் இருக்கக்கூடாது என்றவர். நான் காக்குவின் படத்தையும் கடிதத்தையும் அதோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். அது என் தொழில்.

பல போன் கால்களுக்குப் பிறகு சாயங்காலம் புது பில் வந்தது. கீழேயிருந்து மேலே படித்தேன். கிரேன் இல்லை. சீசிங் இல்லை. யார்டு வாடகை மட்டும் அப்படியே இருந்தது. வண்டி நின்றது நிஜம்தானே என்றார் மேனேஜர். அதிலும் நான் வாதாடத் தயாராகத்தான் இருந்தேன். என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். வீட்டுச் செலவுக்கென்று ஒதுக்கியதை அதில் போட்டுக் கட்டினோம். அந்த மாதம் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள்.

வண்டியை நிறுத்திவைத்த யார்டு, கராடியைத் தாண்டி நகர் ரோட்டில் இருக்கிறது. தகரத் தடுப்புக்குள் புழுதி படிந்த வண்டிகள் வரிசையாக நின்றன. நிறைய வண்டிகளில் அந்த தசரா மாலை காய்ந்து தொங்கியது. எங்கள் காரிலும்தான். ரிலீஸ் தாளைக் காட்டியதும் காவலாளி சாவியை எடுத்துவந்து கொடுத்தார். சக்கரங்களில் எலுமிச்சம்பழத்தின் தோல் ஒட்டி உலர்ந்திருந்தது. வழியில் நான் நான்கு பழங்கள் வாங்கி வைத்திருந்தேன். பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

அவர் சாவியை என் பக்கம் நீட்டினார். “நீயே ஓட்டிட்டு வா. நீதான சண்டை போட்டு வாங்குன” என்றார். தசராவன்று போட்ட அதே சட்டையைத்தான் போட்டிருந்தார்; அதன் பையில் இன்னும் அந்த இலை இருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தது. துவைத்துப் போட்டவள் நான்தான், அதில் எதுவும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

சாவியை நான் வாங்கவில்லை. அந்தப் பக்கம் சுற்றிப்போய் இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடியை இறக்கிச் சொன்னேன்.

“கொண்டுபோயிக் குடுத்தவியளே ஓட்டிட்டு வரோணும். மெதுவாப் போங்க. நம்ம கேட்டுக்குள்ள போறப்ப எல்லாரும் பாக்கோணும்.”